தொழில் கல்விக்குக் கல்லூரி கண்ட ஜி.டி.நாயுடு

கோவை அவினாசி சாலையில் பீளமேட்டுப் பக்கம் ஒரு பஸ் நிறுத்தம் இருக்கிறது. ஹோப் காலேஜ் என்று அதற்குப் பெயர். கண்டக்டர்கள் அந்தப் பெயரைச் சொல்லித்தான் ஆட்களை இறக்குகிறார்கள். ஆனால் இறங்கிப் பார்த்தால் அந்தப் பெயரில் அங்கே கல்லூரி எதுவும் கிடையாது. கல்லூரி இடம் மாறி, பெயரும் மாறிப் பல காலம் ஆகிவிட்டது. நிறுத்தத்தின் பெயர் மட்டும் மாறவில்லை.

அந்தக் கல்லூரி உருவாகக் காரணமாக இருந்தவர் ஜி.டி.நாயுடு. பள்ளிக்கூடத்தில் நிலையாக உட்காராதவர். தொடக்கப் படிப்பைக்கூட ஒழுங்காக முடிக்காதவர். அப்படிப்பட்டவர் பொறியியல் கல்லூரிக்கு நன்கொடை கொடுத்தார். அதற்கு முதல்வராகவும் இருந்தார். பிறகு, படிப்பு எத்தனை ஆண்டு இருக்க வேண்டும் என்ற கேள்வியில் அரசாங்கத்தோடு ஒத்துப்போக முடியாமல் பதவியை விட்டு விலகினார்.

சென்னையில் இருந்து ஊத்துக்கோட்டை வழியாகத் திருப்பதிக்குப் போகிறவர்களுக்கு எங்கள் நாகலாபுரம் தெரிந்திருக்கும். முன்பு சித்தூர் மாவட்டம். 2022-ம் ஆண்டு முதல் திருப்பதி மாவட்டம். பத்தாம் வகுப்பு முடிவு வெளிவந்ததும் இங்கேயுள்ள தமிழ்க் குடும்பங்களில் ஒரே பேச்சுத்தான். பையனை இண்டரில் சேர்ப்பதா, ஐ.டி.ஐ.யில் சேர்ப்பதா? ஐ.டி.ஐ. என்ற சொல் வந்ததும் வீட்டில் முகங்கள் வாடிவிடுகின்றன. மார்க் குறைந்த பையன் போகிற இடம் அது என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது.

அந்த எண்ணத்தோடு வாழ்நாள் முழுவதும் போராடியவர் நாயுடு. அதனால் அவர் கதையை நம் வீடுகளில் ஒரு முறை சொல்லிப் பார்க்கலாம்.

களங்கல் கிராமம்

கோபால்சாமி துரைசாமி நாயுடு என்பது அவருடைய முழுப் பெயர். 1893-ம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி கோவைக்கு அருகே உள்ள களங்கல் என்ற கிராமத்தில் பிறந்தார். தந்தை கோபால்சாமி நாயுடு விவசாயி. குழந்தைப் பருவத்திலேயே தாயை இழந்தார்.

விஜயநகர மன்னர்கள் காலத்தில் தெலுங்கு பேசும் மக்கள் பலர் கொங்கு நாட்டில் குடியேறினார்கள். அவர்களின் வழிவந்த குடும்பம் அது. அதே விஜயநகரத்துக் கிருஷ்ணதேவராயர் கட்டியதாகச் சொல்லப்படும் வேதநாராயணர் கோவில்தான் நாகலாபுரத்தின் அடையாளம். வீட்டில் ஒரு மொழி, வீதியில் ஒரு மொழி என்று வாழும் நமக்கு நாயுடு அந்நியர் அல்ல.

படிப்பில் அவருக்கு நாட்டம் இல்லை. ஆசிரியர் முகத்தில் மண்ணை வாரி இறைத்துவிட்டு ஓடி வந்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். எப்படியோ, அவருடைய பள்ளிப் படிப்பு தொடக்க வகுப்புகளோடு நின்றுவிட்டது. பிறகு அவர் காடு கழனியில் வேலை செய்தார். ஆனால் புத்தகத்தின் மீது அவருக்கு வெறுப்பு இருந்ததாகச் சொல்ல முடியாது. தனக்கு வேண்டியதைத் தானே தேடிப் படித்துக்கொண்டார்.

சைக்கிளா, மோட்டாரா?

அந்த நாளில் களங்கல் பக்கம் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை. வண்டி மட்டும் தானாக ஓடுகிறது. வழியில் வண்டி நின்றுபோனபோது பையன் ஓடிப் போய் மண்ணெண்ணெய் கொண்டுவந்து கொடுத்தான் என்றும், அதிகாரி வண்டியைச் சரிசெய்வதைக் கண் இமைக்காமல் பார்த்தான் என்றும் சொல்வார்கள்.

அந்த வண்டியை எப்படியாவது வாங்கிவிட வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். கையில் காசு இல்லை. கோவைக்கு வந்து ஓட்டலில் சர்வர் வேலைக்குச் சேர்ந்தார். மூன்று ஆண்டுகள் மேஜை துடைத்து, இலை எடுத்து, காசு சேர்த்தார். பிறகு அந்த அதிகாரியைத் தேடிப் போய் 300 ரூபாய்க்கு அந்த மோட்டார் சைக்கிளை வாங்கினார்.

வாங்கியவர் அதில் ஏறி ஊர் சுற்றவில்லை. வண்டியை அக்கக்காகக் கழற்றினார். எந்தப் பாகம் எதோடு சேருகிறது, எது எதைச் சுழற்றுகிறது என்று பார்த்தார். மறுபடியும் பூட்டினார். கழற்றிப் பூட்டியதுதான் அவருடைய முதல் வகுப்பு. ஆசிரியரும் இல்லை, பரீட்சையும் இல்லை. சரியாகப் பூட்டினால் வண்டி ஓடும், தவறினால் ஓடாது.

இந்தப் படிப்புக்கு அவர் கொடுத்த கட்டணத்தையும் நாம் பார்க்க வேண்டும். 300 ரூபாய் மட்டுமா? மூன்று ஆண்டு இளமையையும் ஓட்டலில் கொடுத்தார். ஒரு தொழிற்பயிற்சிக் கூடம் அருகில் இருந்திருந்தால் அந்த மூன்று ஆண்டுகளில் அவர் எவ்வளவு கற்றிருப்பார்! பின்னாளில் பயிற்சிக் காலத்தைப் பற்றி அவர் அவ்வளவு பிடிவாதம் பிடித்ததற்கு இந்த அனுபவமும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

லாபமும் நஷ்டமும்

அடுத்து திருப்பூரில் பஞ்சு அரவைத் தொழிலில் இறங்கினார். அது முதல் உலகப்போர்க் காலம். நல்ல லாபம் கிடைத்தது. அந்தப் பணத்தோடு பம்பாய்க்குப் போய்ப் பஞ்சு வியாபாரம் செய்தார். அங்கே பெரிய வியாபாரிகளோடு போட்டி போட முடியவில்லை. கைப்பணம் போயிற்று. வெறுங்கையோடு கோவைக்குத் திரும்பினார்.

அப்போது அவருக்குக் கை கொடுத்தவர் கோவையில் தொழில் நடத்திவந்த ஆங்கிலேயரான ஸ்டேன்ஸ் துரை. அவருடைய உதவியால் ஒரு பஸ் கிடைத்தது. 1920-ம் ஆண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அந்த பஸ் ஓடத் தொடங்கியது. முதலாளியே டிரைவர். பழுது வந்தால் அவரே மெக்கானிக்.

ஒரு பஸ் பல பஸ்கள் ஆயிற்று. யு.எம்.எஸ். என்ற மூன்று எழுத்து கோவை வட்டாரம் முழுவதும் பரவியது. யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்பது அதன் விரிவு. வண்டி குறித்த நேரத்துக்குப் புறப்பட வேண்டும், குறித்த நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதில் அவர் கண்டிப்பானவர். ரெயில்வேயில் வேலை பார்க்கும் என் போன்றவர்களுக்கு அந்தக் கண்டிப்பின் அருமை தெரியும்.

மின்சாரம் வந்தது

1930-களின் தொடக்கத்தில் நீலகிரி மலையில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. கோவைக்கு மின்சாரம் வந்தது. பஞ்சாலைகள் பெருகின. கிணறுகளில் மாடு கட்டிக் கவலை இறைத்த இடத்தில் மோட்டார் வைக்கலாம் என்ற நிலை ஏற்பட்டது. ஆனால் மோட்டார்கள் எல்லாம் வெளிநாட்டில் இருந்து வந்தன.

1937-ம் ஆண்டு பீளமேட்டில் இருந்த நாயுடுவின் தொழிற்சாலையில் ஒரு மின்சார மோட்டார் தயாராயிற்று. இந்தியாவிலேயே தயாரான முதல் மின் மோட்டார் என்று அது பெயர் பெற்றது. அந்த முயற்சியில் அவரோடு நின்றவர் டி.பாலசுந்தரம் நாயுடு. பிற்காலத்தில் டெக்ஸ்டூல் தொழிற்சாலையை நிறுவியவர் அவர்.

இன்று சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் மாந்தோப்புகளிலும் நெல் வயல்களிலும் ஓடும் மோட்டார்களைப் பாருங்கள். பலவற்றின் மேல் கோயம்புத்தூர் என்று பொறித்திருக்கும். அந்தத் தொழிலின் தொடக்கத்தில் பட்டப்படிப்பு இல்லாத ஒருவர் நின்றார்.

உலர் பாட்டரியில் ஓடும் சிறு மோட்டார் வைத்த சவரக் கருவி, மெல்லிய சவர பிளேடு, பழச்சாறு பிழியும் இயந்திரம், மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி, தில்லுமுல்லு செய்ய முடியாத வாக்குப்பதிவு இயந்திரம் என்று அவருடைய கை பல பக்கம் ஓடியது. பருத்தி, பப்பாளி என்று விவசாயத்திலும் ஆராய்ச்சி செய்தார். ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய்த் தொழிற்சாலைகளைப் பார்த்து வந்தார். சர் சி.வி.ராமன் போன்ற விஞ்ஞானிகள் அவரைப் பெரிதும் மதித்தார்கள்.

கல்லூரி பிறந்தது

1944-ம் ஆண்டு மோட்டார் தொழிலில் இருந்து ஓய்வு பெறுவதாக நாயுடு அறிவித்தார். ஆராய்ச்சிக்கும் தொழிலாளர் நலனுக்கும் பொருள் ஒதுக்கினார். தொழில் கல்வியில் அவர் கவனம் முழுமையாகத் திரும்பியது.

கோவைக்கு அது புதிய எண்ணம் அல்ல. பீளமேட்டில் பி.எஸ்.ஜி. குடும்பத்தார் 1926-ம் ஆண்டிலேயே அறநிலையம் அமைத்துத் தொழிற்பயிற்சிக்கு வழி செய்திருந்தார்கள். ஆனால் பொறியியல் படிப்பு என்றால் சென்னைக்கு, கிண்டிக்குத்தான் போக வேண்டும் என்ற நிலை இருந்தது. மில் ஓடுகிற ஊரில், லேத் சுற்றுகிற தெருவில், அந்தப் படிப்பு ஏன் இருக்கக் கூடாது?

1945-ம் ஆண்டு நாயுடுவின் நன்கொடையைக் கொண்டு ஒரு பொறியியல் கல்லூரியும் ஒரு பாலிடெக்னிக்கும் உருவாயின. அப்போது சென்னை மாகாண கவர்னராக இருந்த சர் ஆர்தர் ஹோப்பின் பெயர் அவற்றுக்குச் சூட்டப்பட்டது. கல்லூரியின் முதல்வர் நாற்காலியில் நாயுடு அமர்ந்தார். பள்ளி இறுதி வகுப்புச் சான்றிதழ்கூட இல்லாதவர் பொறியியல் கல்லூரிக்கு முதல்வர்! இன்று நினைத்துப் பார்த்தாலும் வியப்பாக இருக்கிறது.

நான்கா, இரண்டா?

கல்லூரியில் படிப்பு நான்கு ஆண்டு என்று திட்டம் வகுக்கப்பட்டது. நாயுடு அதை ஏற்கவில்லை. ஒரு துறையைக் கற்க இரண்டு ஆண்டு தாராளமாகப் போதும், மீதி இரண்டும் வீண் என்பது அவர் கட்சி. பிரிட்டிஷ் அரசாங்கம் சம்மதிக்கவில்லை. நாயுடு முதல்வர் பதவியை ராஜினாமா செய்தார்.

அவர் பக்கத்து நியாயம் எளிதில் புரியக்கூடியது. ஏழை வீட்டுப் பையனுக்கு ஒவ்வொரு ஆண்டும் பணம். நான்கு ஆண்டு படிக்க வைக்க முடியாத தகப்பன் இரண்டு ஆண்டு படிக்க வைப்பான். மேலும், இயந்திரத்தைத் தொடாமல் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே கழியும் காலம் தொழிலாளியை உருவாக்காது.

அரசாங்கத்தின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. பாலம் கட்டுகிறவருக்கும் அணை கட்டுகிறவருக்கும் கணக்கு ஆழமாகத் தெரிய வேண்டும். அங்கே கழற்றிப் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாது. தப்பினால் உயிர் போகும். ஒரு கல்லூரியில் இரண்டு ஆண்டு, மற்றொன்றில் நான்கு ஆண்டு என்றால் பட்டத்துக்கு எங்கே மதிப்பு இருக்கும்?

எனக்குத் தோன்றுவது இதுதான். இரண்டு பேரும் இரண்டு வேறு மாணவர்களை மனதில் வைத்துக்கொண்டு வாதாடினார்கள். அரசாங்கம் என்ஜினீயரைப் பற்றிப் பேசியது. நாயுடு பட்டறையில் நிற்கப் போகும் பையனைப் பற்றிப் பேசினார்.

அவர் விலகியதால் கல்லூரி நின்றுவிடவில்லை. பின்னர் அது தடாகம் சாலைக்கு இடம் மாறியது. இன்று கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி என்று புகழோடு விளங்குவது அதுதான்.

சாமர்த்தியமும் சான்றிதழும்

நாயுடுவின் வாழ்க்கையில் வெற்றிகளை மட்டும் சொல்லி நிறுத்திவிடுவது பலருக்கு வழக்கம். அவர் முட்டி நின்ற இடங்களையும் சொல்ல வேண்டும்.

1941-ம் ஆண்டு ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தன்னால் தயாரித்துத் தர முடியும் என்று அறிவித்தார். 1952-ம் ஆண்டு இரண்டு பேர் அமரக்கூடிய பெட்ரோல் காரை உருவாக்கினார். 2,000 ரூபாய்க்கு விற்கலாம் என்பது அவர் கணக்கு. அதைத் தயாரித்து விற்க அரசாங்கம் லைசென்ஸ் தரவில்லை. அந்தக் கார் ஊர்ச் சாலைக்கு வராமலே போயிற்று.

செய்யத் தெரிந்தால் மட்டும் போதாது, செய்வதற்கு அனுமதிச் சீட்டும் வேண்டும் என்ற பாடத்தை அவ்வளவு பெரிய மனிதரே படிக்க வேண்டி வந்தது. நம் ஆட்களுக்கு இது தினசரி அனுபவம். பத்து ஆண்டு வெல்டிங் வேலை செய்தவர் வேறு ஊரில் வேலை கேட்கப் போனால் முதலில் கேட்பது சான்றிதழ். கையில் தொழில் இருக்கும். பையில் காகிதம் இருக்காது. கூலி அங்கேயே குறைந்துவிடும்.

ஆகவே நாயுடு படிக்கவில்லையே, முன்னுக்கு வரவில்லையா என்று சொல்லிப் பையனைப் பள்ளியை விட்டு நிறுத்துவது தவறு. நாயுடுவே அப்படிச் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் வேண்டாம் என்று நினைத்தவர் கல்லூரிக்குப் பணம் கொடுப்பாரா? தொழிலைக் கற்றுக்கொடுக்கும் பள்ளி வேண்டும் என்பதுதான் அவர் கேட்டது.

அவருக்குப் பின்

நாயுடு 1974-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி காலமானார். வயது 80. அவர் கண் மூடிய நான்கு ஆண்டுகளில் தமிழ்நாட்டில் பிளஸ்-2 வந்தது. 1978-ம் ஆண்டு தொடங்கிய மேல்நிலைக் கல்வியிலேயே தொழிற்கல்விப் பிரிவும் சேர்ந்து வந்தது. 1964 முதல் 1966 வரை ஆய்வு நடத்திய கோத்தாரி கமிஷனும் மேல்நிலை வகுப்புகளில் தொழிற்கல்வி வேண்டும் என்று வற்புறுத்தியிருந்தது.

1986-ம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை ஒரு கணக்கும் போட்டது. மேல்நிலை மாணவர்களில் 1990-க்குள் 10 சதவீதம், 1995-க்குள் 25 சதவீதம் பேர் தொழிற்கல்விப் பிரிவுக்கு வர வேண்டும் என்றது. அந்த எண்ணிக்கை எட்டப்படவில்லை. 2020-ம் ஆண்டுக் கொள்கையோ பாதி மாணவர்களுக்காவது தொழிற்கல்வி அறிமுகம் ஆக வேண்டும் என்று 2025-ஐ எல்லையாக வைத்தது.

பல பள்ளிகளில் கருவி இல்லை, கற்றுக்கொடுக்கும் ஆள் இல்லை என்பது உண்மை. தொழிற்கல்விப் பிரிவு என்று பெயர் இருக்கும். பையன் நோட்டில் படம் வரைந்துகொண்டு இருப்பான். இதோடு பெற்றோரின் வெட்கமும் சேர்ந்துகொண்டது. இரண்டும் கைகோத்தால் எந்தத் திட்டம் முன்னேறும்?

அவர் கேட்ட இரண்டு ஆண்டு

பிட்டர், டர்னர், எலக்ட்ரீஷியன் ஆகிய ஐ.டி.ஐ. பிரிவுகளுக்குப் படிப்புக் காலம் இரண்டு ஆண்டு. வெல்டருக்கு ஒரு ஆண்டு. பிளஸ்-2 தொழிற்கல்வியும் இரண்டு ஆண்டு. இங்கே ஆந்திராவில் இண்டரும் இரண்டு ஆண்டு; அதிலும் தொழிற்கல்விப் பிரிவு உண்டு. கல்லூரிக்கு நாயுடு கேட்டுக் கிடைக்காமல் போன அதே இரண்டு ஆண்டு, பட்டறைக்குப் போகும் பையனுக்கு இன்று கிடைக்கிறது.

அதன் பிறகு கதவு மூடிவிடுவதும் இல்லை. தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டு ஆண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேர வழி இருக்கிறது. 1961-ம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டப்படி தொழிற்சாலைகளில் உதவித்தொகையோடு பயிற்சி பெறலாம். தென்னக ரெயில்வேயின் பெரம்பூர், பொன்மலை, போத்தனூர் ஒர்க்‌ஷாப்புகளில் ஐ.டி.ஐ. முடித்த பையன்களுக்கு அந்தப் பயிற்சி கொடுக்கிறார்கள். ரெயில் என்ஜினில் உதவி லோகோ பைலட் ஆவதற்கும் பத்தாம் வகுப்போடு ஐ.டி.ஐ. போதும். குமாஸ்தா மேஜையில் உட்கார்ந்திருக்கும் நான் தினமும் பார்க்கும் வண்டிகளை ஓட்டுகிறவர்களில் பலர் அந்த வழியாக வந்தவர்கள்தான்.

நகரி, புத்தூர் பக்கம் விசைத்தறி ஓட்டும் நம்மவர்கள் வீடுகளிலும், நாகலாபுரத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைகளிலும் கருவியோடு வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். தறி நின்றால் எந்த இடத்தில் கோளாறு என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார்கள். சத்தியவேடு பக்கம் ஸ்ரீசிட்டியில் தொழிற்சாலைகள் வந்திருக்கின்றன. இந்தப் பிள்ளைகளுக்கு இரண்டு ஆண்டு பயிற்சியும் ஒரு சான்றிதழும் இருந்தால் தகப்பன் வாங்கிய கூலிக்கு மேல் வாங்குவார்கள். அந்த வாய்ப்பைக் கௌரவம் பார்த்துத் தட்டிவிட்டு, பிடிக்காத படிப்பில் சேர்த்து, பாதியில் நிறுத்திய வீடுகளும் நம்மிடையே இருக்கின்றன.

ஐ.டி.ஐ.யில் சேர்க்கும் முன்பு பெற்றோர் ஒரு காரியம் செய்ய வேண்டும். அங்கே நேரில் போய்ப் பட்டறையைப் பார்க்க வேண்டும். லேத் ஓடுகிறதா, தூசி படிந்து கிடக்கிறதா என்று பாருங்கள். பிள்ளைகளின் கையில் எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று பாருங்கள். கட்டடத்தின் பளபளப்பைக் கண்டு ஏமாற வேண்டாம். அந்த நிலையத்தின் சான்றிதழுக்கு மத்திய அரசின் அங்கீகாரம் உண்டா என்றும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கோவையில் நாயுடு பெயரால் அருங்காட்சியகம் இருக்கிறது. அவர் பெயரில் இயங்கும் அறக்கட்டளை தொழிற்பயிற்சி நிலையமும் நடத்துகிறது. 2025-ம் ஆண்டு அக்டோபர் மாதம் அவினாசி சாலையில் திறக்கப்பட்ட 10 கிலோ மீட்டர் நீள மேம்பாலத்துக்கும் ஜி.டி.நாயுடு மேம்பாலம் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். உறவினர் வீட்டுக்கோ வேலைக்கோ கோவைப் பக்கம் போகிறவர்கள், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய் அந்த அருங்காட்சியகத்தைக் காட்டிவிட்டு வாருங்கள். அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்பு எழுதப் போகும் பையனோ பெண்ணோ வீட்டில் இருந்தால் கட்டாயம் காட்டுங்கள்.